வாயால் சொல்லக்கூடாத செய்தி

இந்த மாதம் பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை. வழக்கம்போல விடிய எழும்பி, பிளேன்டீ குடித்து, முற்றம் கூட்டி, உடுப்புகளைத் தோய்த்துக் காயப் போட்டேன். பகலுக்குக் கீரி மீன் துப்புரவு செய்து, சோற்றை வடித்து இறக்கினேன். எழுத ஒன்றுமே இல்லாத நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது படலையைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்தாள். காலில் செருப்பு இல்லை. கையில் போன். அதில் பேசும் இடத்தைப் பெருவிரலால் அழுத்தி மூடியிருந்தாள்.

"அக்கா, கையில காசு இருக்கா? இருக்கிறதத் தாங்க. பின்னேரம் சொல்றன்."

"என்னத்துக்கு?"

மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தில் இரத்தமே இல்லை.

ஜெசிந்தாவின் கணவர் பிரான்சிஸ் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் படகில் தொழிலுக்குப் போகிறவர். சிலாபத்திலிருந்து புறப்பட்டு அப்போது ஆழ்கடலில் இருந்தார். அங்கே போன் எடுக்காது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் — ஆள் கடலில் இருக்கும்போது அவரைப் பற்றிய கெட்ட செய்தியை வீட்டார் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அது நடந்துவிடுமாம். சந்தேகத்தைக்கூட விழுங்கிவிடுவார்கள். ஆகவே, தலையாட்டிப் பதில் சொல்லும்படி கேட்டேன்.

"கடலா?"

தலை அசைந்தது. ஓம்.

"அடி பட்டிருக்கா?"

ஓம்.

அவள் கையிலிருந்த போனில் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"தங்கச்சி, லைனை வெட்டிராதீங்க," என்றது ஓர் ஆண் குரல். "வேற போட் ஒண்டு கரைக்குக் கொண்டுவந்து விட்டது. தலையில அடி. இந்த ஊசி மருந்து ஆஸ்பத்திரியில இல்ல, வெளியில எடுக்கணும். காசு போட்டாத்தான் பார்மசியில தருவாங்க. சூடை அண்ணன் உங்கட பேரத்தான் சொல்லிக்கிட்டு இருக்கிறாரு..."

சூடை! ஒல்லியான பிரான்சிசுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர், ஒரு சின்ன மீனின் பெயர். ஊருக்கு வெளியே யாருக்குத் தெரியும்? உண்மையாக இருந்தால்? நான் அவளை மறிக்கும் ஒவ்வொரு நிமிடமும்...

அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. அடுத்த ஒழுங்கையில் படகு முதலாளியின் வீடு. அங்கே படகோடு பேசும் ரேடியோ செட் இருக்கிறது.

"முதலாளி வீட்டுல காசு வாங்கித் தாறன், வா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பொய்தான்.

முதலாளியின் மனைவி ரோஸ்மேரி அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "என்னடி, ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி?"

நான் விஷயத்தைச் சொன்னேன். வாயால்.

"சொல்லாதீங்க அக்கா!" ஜெசிந்தா என் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். "அவருக்கு ஏதும் ஆகிரும்!"

ரோஸ்மேரி அக்கா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு செட்டின் முன் உட்கார்ந்து கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல்தான். வழக்கமாக அந்திப்பட்டுத்தான் பேசுவார்கள். பகலில் செட்டுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

போனில் அதே ஆளின் குரல் கடுமையானது. "என்ன சத்தம் அங்க? யாரிட்டயும் சொல்ல வேணாமெண்டு சொன்னேனே. டொக்டர் அடுத்த ஆளப் பார்க்கப் போறாரு. உங்களாலதான் அவரு சாகணுமா?"

ஜெசிந்தா கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். "அடகுக் கடைக்குப் போறன். விடுங்க அக்கா." வாசலில் குறுக்கே நின்றேன். கதவு நிலையைப் பிடித்திருந்த என் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

செட் கரகரத்தது.

"ஆரது? என்ன இந்த நேரத்துல?" படகோட்டியின் குரல்.

"சூடை எங்க?" என்று கத்தினார் ரோஸ்மேரி அக்கா.

"இந்தா, அடுப்படியில. கறிக்கு உப்பக் கூட்டிப்போட்டான். எல்லாரும் ஏசிக்கிட்டு இருக்கிறம்."

ஜெசிந்தா ஓடிவந்து செட்டின் மேல் குனிந்து விம்மினாள். பிரான்சிசின் குரல் வந்தது. "ஜெசி? நீயா? உப்புக் கூடினதுக்கு நீ ஏன்டி அழுற?"

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனைப் பார்த்தேன். அந்த ஆளே லைனை வெட்டியிருந்தான்.

பட்டப்பெயர் எப்படிக் கிடைத்தது? அந்தியில் தேடிப் பார்த்தோம். படகு புறப்பட்ட அன்று ஜெசிந்தா தன் பேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறாள். கீழே சொந்தக்காரர்கள்: "சூடை அண்ணா, கவனம்!" அதே பக்கத்தில் அவளுடைய தையல் வேலைக்கான போன் நம்பர். வேறென்ன வேண்டும்?

ஜெசிந்தா ஏமாளி இல்லை. துணிக்கடையில் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினாலும் பிடித்துவிடுவாள். ஆனால் உயிராக நினைக்கும் ஆளைக் காட்டி மிரட்டினால் எந்தக் கணக்குத்தான் நினைவில் நிற்கும்? "யாரிட்டயும் சொல்லாதே" என்பதுதான் இப்படி ஏமாற்றுகிறவர்களுடைய பெரிய பூட்டு. எங்கள் வீடுகளில் அந்தப் பூட்டை நாங்களே போட்டு வைத்திருக்கிறோம்... அவன் சும்மா வந்து சாவியை எடுத்துக்கொண்டான்.

அவசரப்படுத்துகிற, அழ வைக்கிற, இரகசியம் கேட்கிற குரல் வந்தால் முதலில் லைனை வெட்டுங்கள். பிறகு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் நீங்களே விசாரியுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உண்மையான ஆபத்து என்றாலும், இரண்டு பேர் அறிந்தால் உதவிதானே?

மறுநாள் காலை ஜெசிந்தா செய்த முதல் வேலை இது. பூசை முடிந்து கலையப்போன பெண்களைக் கோயில் வாசலில் மறித்தாள். "ஒருத்தரும் போகாதீங்க. நேத்து எனக்கு ஒரு கோல் வந்தது..." என்று தொடங்கி, முழுக் கதையையும் சத்தமாகச் சொன்னாள் — கணவர் இன்னும் கடலில் இருக்கும்போதே.