கொட்டாங்கச்சிப் பசை

இன்று செங்கம் சாலையில் சுவரொட்டி ஒட்டுகிறவரின் வாளியிலிருந்து வந்த மைதாப் பசை வாசம், இப்போது தங்கும் விடுதியாகிவிட்ட எங்கள் இரண்டாம் வகுப்புக் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது. ஆண்டுக் கடைசியில் அங்கே காகித விளக்கு செய்வோம். டீச்சர் காய்ச்சிக் கொட்டாங்கச்சிகளில் ஊற்றிவைக்கும் பசை அந்த ஆண்டு தினமும் குறைந்தது. என் விளக்கின் ஆறு பக்கங்களில் மூன்று ஒட்டவேயில்லை. மறுநாள் அப்பா அதைப் பார்க்க வருவார். பக்கத்திலிருந்த காதர்தான் நக்குகிறான் என்று சந்தேகப்பட்டு டீச்சரிடம் சொன்னேன்.

"எல்லாரும் நாக்க நீட்டுங்கடா," என்றார் டீச்சர்.

முப்பத்தொரு நாக்குகளும் சுத்தம், நானும் எண்ணினேன்.

"நீங்களும் நீட்டுங்க டீச்சர்!" என்றான் காதர்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அவர் மதியச் சோறு கொண்டுவந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.