யார்டு தரையில் ஒரு வலைத்தளம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் திருவொற்றியூரில் சொந்தமாகக் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கும் யார்டு வைத்து, கடலைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெட்டியைப் பார்த்தாலே அது எந்த அடுக்கில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பீற்றிக்கொள்ளவில்லை, உண்மையே அப்படி.

என் மகள் இருந்த வேலையை விட்டுவிட்டு ஒரு மென்பொருள் செய்தாள். துறைமுக கேட்டில் தன் முறை எப்போது என்று டிரெய்லர் ஓட்டுநர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாலையில் வரிசைகட்டி வண்டிக்குள்ளேயே கிடக்க வேண்டாம். அதற்கு ஒரு வலைத்தளம் வேண்டும். எந்தப் பக்கம் முதலில், எதைத் தொட்டால் எங்கே போகும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஓட்டுநர்களிடம் காட்டியாக வேண்டும். ஒருமுறை திறந்து வேண்டியது கிடைக்காவிட்டால், மறுபடி தொடமாட்டார்கள். அவள் வேலையை விட்டதே வீணாகிவிடும்.

"யார்டுல சாக்பீஸால கட்டம் போடும்மா. பக்கத்துக்கு ஒரு கட்டம். நடந்தே பாத்துடலாம்" என்றேன். யோசனை என்னுடையது, அதை மறந்துவிடாதீர்கள்.

வெயில் சாய்ந்த நேரம். இரண்டு பக்கமும் நீலமும் துருச்சிவப்புமாகப் பெட்டிகள். நடுவே சிமென்ட் தரையில் வெள்ளைக் கட்டங்கள், ஒன்றையொன்று தொடும் கோடுகள். உப்புக்காற்றில் சாக்பீஸ் தூள் மெல்ல நகர்ந்தது. சுவரில்லாத வீட்டில் அறை அறையாக நடப்பதுபோல் நடந்தேன். தூரத்தில் எண்ணூர்ப் புகை அசையாமல் நின்றது. எங்கோ ஒரு கப்பல் ஊதியது, தூக்கத்தில் கேட்கிற மாதிரி. போனுக்குள் இருக்கப்போகிற ஊரில் நான் முதல் ஆளாகக் குடியேறியிருந்தேன்.

முதல் கட்டத்தில் என் பெயரும் படமும் நான் வளர்ந்த கதையும். அப்படித்தான் சொல்லியிருந்தேன். மற்றதெல்லாம் அதைத் தாண்டித்தான். நான் என்ன சாதாரண ஆளா?

நெட்டுக்குப்பத்திலிருந்து என் தோஸ்து வந்தான். டிரெய்லர் ஓட்டுகிறவன்.

"இதுல உன் டர்ன் எப்போன்னு கண்டுபுடி" என்றேன்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கட்டத்தில் இறங்கினான்.

"இன்னா மாமு, இங்க நீ மட்டும்தான் கீற. என் வண்டி எங்க கீது?"

"கதைய முடிச்சிட்டு அந்தக் கோட்டுல போ."

"வண்டிய கேட்டாண்ட நிறுத்திகினு உன் கதைய படிக்கணுமா? பேஜாரு பண்ணாத."

கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

மகள் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "நாளைக்கு எல்லாரும் இப்டித்தான் போவாங்க நைனா."

எதிரே இருந்த அடுக்கை அண்ணாந்து பார்த்தேன். முதலில் கிளம்ப வேண்டிய பெட்டி மேலே, கடைசியில் போவது அடியில். என் யார்டில் எப்போதும் அதுதான் வழக்கம். மேல் பெட்டியில் கடைசி வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னைத் தூக்கி அடியில வைம்மா. அவங்க டர்ன் மேல வரட்டும்."

காலால் தேய்த்து அழித்தாள். என் பெயர் வெள்ளைப் புகையாகிப் பெட்டிகளின் இடுக்கில் போயிற்று. அந்த இடத்தில் 'உங்கள் வண்டி எண்' என்று எழுதினாள்.

தோஸ்து மறுபடி இறங்கினான். "தோ கீதே!" என்றவன், தன் வண்டியே அங்கே நிற்பதுபோல அந்தச் சதுரத்தைவிட்டு நகரவில்லை. "ஆமா, நீ எங்க மாமு? ஆளையே காணோம்."

"கட்டக் கடைசில."

"அய்ய, அடிக்குப் போயிட்டியா!"

"அடிப்பெட்டிதான்டா மொத்த அடுக்கையும் தாங்குது."

மகள் சிரித்துக்கொண்டே குனிந்து கடைசிக் கட்டத்தை வரைந்தாள். மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக.