சைக்கிள் சீட்டைப் பிடித்தவள்

சைக்கிள் பந்தயம் என்றால் எல்லாரும் ஓட்டுகிறவனைத்தான் பார்ப்பார்கள். அவனுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்லிடைக்குறிச்சியில் ஒரு பொங்கல் பந்தயத்தில், அப்படி நின்ற ஆள் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓட்டியவன் என் அண்ணன்.

எங்கள் பக்கத்துப் பந்தயத்துக்கு கியர் சைக்கிளெல்லாம் கிடையாது. வீட்டில் அரிசி மூட்டை ஏற்றுகிற அதே கறுப்புச் சைக்கிள்தான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் அது பந்தய சைக்கிள். கால் நழுவாமலிருக்கப் பழைய ட்யூபை வார் வாராக வெட்டிப் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் காலைத் தரையில் ஊன்ற முடியாது. அதனால் புறப்படச் சொல்லி வேட்டுப் போடும்வரை பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கலாம், விடலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் ஓட்டுகிறவனைப் பந்தயத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பந்தயம் எங்கள் ஊரில் தொடங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய் முடியும். தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பாலம் வந்துவிடும். பாலத்தில் இடம் குறைவு; முன்னால் போகிறவனை முந்த முடியாது. பின்னால் மாட்டிக்கொண்டவன் அடுத்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அக்கரை போய்ச் சேர வேண்டியதுதான். அதற்குள் முன்னால் போனவன் அம்பாசமுத்திரத்தில் இருப்பான். ஆகவே புறப்பாட்டில் தோற்றவன் பெரும்பாலும் பந்தயத்திலும் தோற்பான்.

அதற்கு முந்தைய வருடம் அண்ணன் அப்படித்தான் தோற்றான். சீட்டைப் பிடித்தவன் அவனுடைய சிநேகிதன்; நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவன். வேட்டு வெடித்ததும் அவன் கை விடுவதற்குப் பதிலாக இறுகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. காதருகே வெடித்தால் யாருக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும், கையில் இருப்பதை இறுக்கத்தான் செய்யும். அந்த ஒரு இறுக்கத்தில் அண்ணன் பாலத்தில் ஏறும்போது அவனுக்கு முன்னால் ஒரு பட்டாளமே போய்க்கொண்டிருந்தது.

இந்த வருடம் விஷயம் வேறு. ஒரு நூற்பாலையில் சைக்கிள் அணி வைத்திருந்தார்கள். பந்தயத்தில் முதல் மூன்று பேரை அணியில் எடுத்து மில்லிலேயே வேலையும் தருவதாகச் சொல்லி, அவர்களுடைய அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணனுக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இந்த முறையும் விட்டால் பம்பாயில் பெரியப்பா கடை. அப்பா ஏற்கெனவே பெரியப்பாவிடம் பேசிவிட்டார். பொங்கல் கழிந்து ரயில் ஏற வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எனக்கு அவன் போவதில் துளியும் இஷ்டமில்லை. அந்த வீட்டில் நான் வாயாடினால் பதிலுக்கு வாயாட அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

மார்கழி பிறந்ததும் அண்ணன் தன் சிநேகிதர்களை ஒவ்வொருவராகப் பிடிக்க வைத்துப் பார்த்தான். ஒருத்தனுக்குக் கை இறுகியது, ஒருத்தன் தள்ளிவிட்டான், இன்னொருத்தன் பயத்தில் சத்தத்துக்கு முன்பே விட்டுவிட்டான். ஒவ்வொரு நாளும் அண்ணன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றான். நான் அப்பளத்துக்கு உளுந்து மாவு இடித்துக்கொண்டிருந்தேன்.

"மீசை வச்ச பயலுவ அத்தனை பேரு இருக்கானுவ, ஒரு சீட்டைப் பிடிக்கத் தெரியல" என்றேன்.

"வாய் பேசுதேல்லா? நீ வந்து பிடி பாப்போம்" என்றான்.

மறுநாள் விடிந்ததும் வாய்க்கால்கரைப் பாதைக்குப் போனோம். வெடி போட ஒரு ஆள் வேண்டுமே. அம்மா வந்தாள். மகன் பம்பாய் போகாமலிருக்க அவள் எதற்கும் தயாராக இருந்தாள். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய வெடி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு அப்பளக் கவரை ஊதி, வாயைத் திருகி, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் அறைவாள். எப்போது அறைவாள் என்று சொல்ல முடியாது. சில நேரம் ஊதிய கவரைக் கையில் வைத்துக்கொண்டு, தோசைக்கு அரைக்க வேண்டும், மழை வரும்போல இருக்கிறது என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். நாங்கள் அசந்த நேரத்தில் படாரென்று அறைவாள். இப்படி ஒரு வில்லத்தனம் அவளிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கும் கை இறுகத்தான் செய்தது. சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்கைப் பிடித்தேன். அண்ணன் எழும்பி மிதித்தபோது விரல் ஸ்பிரிங்கில் நசுங்கி ரத்தம் கட்டியது. சீட்டின் மூக்கைப் பிடித்தேன். சைக்கிளோடு நானும் நாலடி இழுபட்டேன். ஒருநாள் கோபம் தாங்காமல், "உன் சைக்கிளை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று கத்திவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். வழியிலேயே அழுகை வந்தது. என்னால் இது முடியாமல் போனால் அவன் பம்பாய் போய்விடுவான் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவன் அண்ணன்தான். என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருநாள் முழங்காலைப் பார்த்திருக்கிறான்.

"ஏட்டி, சத்தம் கேட்டதும் உனக்குக் கை இறுகுது, சரி. ஆனா முழங்காலு மடங்குது, பாத்தியா? அதை நிறுத்தாத. அப்படியே குத்தவச்சு உக்காந்துரு. கை தானா கீழ வந்துரும்."

அதுதான் வழி. உள்ளங்கை இரண்டையும் விரித்துச் சீட்டின் இரு பக்கமும் அணைத்தாற்போல் வைக்க வேண்டும். விரல் எதையும் பற்றக் கூடாது. சத்தம் கேட்டால் பயந்து குறுகுவதை அப்படியே விட்டுவிட வேண்டும். உடம்பு கீழே போகும், கையும் சறுக்கிக்கொண்டு கூடவே போகும், சைக்கிள் தன்பாட்டில் புறப்படும். அண்ணன் தன் பங்குக்கு வலது பெடலைக் கொஞ்சம் உயர்த்தி முன்னால் வைத்து, செயினில் தொய்வு இல்லாமல் முன்கூட்டியே அழுத்தி நிற்கப் பழகினான். பொங்கல் நெருங்கியபோது அம்மா கவரை அறைந்த நொடியில் நான் தரையில் இருப்பேன், அவன் வாய்க்கால் மதகுப் பக்கம் இருப்பான். எந்தச் சத்தத்துக்கும் உட்கார ஆரம்பித்துவிட்டேன். அடுப்படியில் தட்டு விழுந்தால்கூட முழங்கால் மடங்கும்.

பந்தயத்தன்று தெரு முழுக்கக் கூட்டம். சுண்ணாம்புக் கோட்டில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. சீட்டைப் பிடிக்க வந்தவர்களில் தாவணி போட்டவள் நான் ஒருத்திதான். இதைப் பார்த்து விழாக் குழுவில் ஒருவர் இது சரிப்படாது என்று தொடங்கினார். தலைவர் அண்ணாச்சி, "பொம்பளப்பிள்ள பிடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதியிருக்காவே?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார். மில் அதிகாரி வெள்ளைச் சட்டையில், காரை விட்டு இறங்கி, கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

அண்ணன் காலைக் கட்டிக்கொண்டான். நான் உள்ளங்கையை விரித்து வைத்தேன். வேட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால் சாலையோரத்தில் இரும்புக் குழாயைத் தரையில் நட்டு மருந்து இடித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் தயாரா?" என்று மைக்கில் கேட்டார்கள்.

படார் என்று வெடித்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். வெடித்தது வேட்டு இல்லை. கூட்டத்தில் எவனோ கொளுத்திப் போட்ட பொங்கல் வெடி. அண்ணன் இன்னும் பெடலைச் சரிசெய்துகொண்டிருந்தான். கால் கட்டியிருக்க, பிடிக்க ஆளில்லாமல், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தார் ரோட்டில் விழுந்தான். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது, ஹேண்டில்பார் கோணிப்போயிற்று. நாலைந்து பேர் பாலம்வரை ஓட்டிப் போய்விட்டார்கள். அவர்களைக் கூப்பிட்டுத் திருப்பினார்கள்.

"எவன்லே அது வெடி போட்டது?" என்று அண்ணாச்சி மைக்கில் கத்தினார்.

"பொம்பளப்பிள்ளைய நம்பி வந்தா இப்படித்தாம்லே" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். பல பேர் சிரித்தார்கள். மில் அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் அந்த ஆளை எனக்குப் பிடிக்காது.

அண்ணன் கால் கட்டை அவிழ்த்து எழுந்து, முன்சக்கரத்தை முழங்காலுக்கிடையில் வைத்து இடுக்கி ஹேண்டில்பாரை நிமிர்த்தினான். பழைய சிநேகிதன், போன வருடம் கை இறுகியவன், ஓடிவந்து, "நான் பிடிக்கேம்லே" என்று அண்ணனிடம் சொன்னான். எனக்கு அது சரியென்றே பட்டது.

"அவனே பிடிக்கட்டும் அண்ணே. நான் மறுபடியும் உக்காந்துருவேன். எனக்கு வேற எதுவும் வராது" என்றேன்.

அண்ணன் குனிந்து ட்யூபை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "நீ பிடிச்சா நான் ஓட்டுதேன். இல்லேன்னா கட்டை அவுத்து விடு, வீட்டுக்குப் போவோம்."

கூட்டத்தில் வெடி போடுகிறவன் இன்னும் அங்கேதான் இருந்தான். அவன் மறுபடியும் போட்டால் என் முழங்கால் மறுபடியும் மடங்கும். காதைப் பொத்தவும் முடியாது, இரண்டு கையும் சீட்டில். அப்போதுதான் வேட்டுக் குழாய் தரையில் நட்டிருப்பது புத்தியில் உறைத்தது. கோவில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டால் வீட்டுத் தரை அதிரும். வெறும் வெடிக்கு அதிராது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். தார் சில்லென்று இருந்தது. பாதம் இரண்டையும் பதித்து, தாவணி நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, காதை மறந்துவிடு, காலில் வருவதை மட்டும் கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தயாரா?"

அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. செயின் விறைத்து நிற்பது சீட்டு வழியாகவே எனக்குத் தெரிந்தது. வேட்டுக்காரர் கம்பில் தீயோடு குனிந்திருப்பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படார்! கூட்டத்திலிருந்துதான். அந்தப் பாவி மறுபடியும் போட்டுவிட்டான். என் முழங்கால் வெட்டி இழுத்தது. பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் சரிந்தது. நான் உட்காரவில்லை. சீட்டு என் கையில்தான் இருந்தது. அண்ணன் அசையவில்லை, என்னை நம்பி அசையாமல் இருந்தான்.

அடுத்த மூச்சு விடுவதற்குள் உள்ளங்கால் இரண்டும் அதிர்ந்தன. நான் கீழே இருந்தேன். கையில் ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது எங்கும் புகை. பாலத்துப் பக்கம் கூட்டம் கூவிக்கொண்டு ஓடியது. யார் முதலில் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் ஒரு டெம்போவின் பின்புறத்தில், சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினான். முழங்கை வீங்கிப் பூசணியாக இருந்தது. அம்மா அவன் முகத்தைப் பார்த்ததுமே அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலாவதாக வந்திருக்கிறான். பாபநாசம் போகும் வழியில் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் வலி வந்து, ஒவ்வொருவராக மூன்று பேர் முந்திவிட்டார்கள். மில் அதிகாரி மூன்று பேரோடு கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவன் விழுந்ததைப் பற்றிச் சொல்வான், திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு வைய என்னிடம் நிறைய இருந்தது. எந்தச் சத்தத்துக்கும் உட்காரப் பழக்கியவன் அவன்தானே.

"பாலத்துல மொதல்ல ஏறினது யாரு, பாத்தியாட்டி?" என்று கேட்டான்.

"எங்க பாக்க? தரையில குத்தவச்சுக் கிடந்தேன். புகையும் கூட்டத்து முதுகும்தான் தெரிஞ்சுது" என்று வெடித்தேன்.

அவன் வெளியே போய்ச் சைக்கிளை நிமிர்த்தி, "ஏறு" என்றான். கேரியர்தான் கிடையாதே, முன்கம்பியில் உட்கார்ந்தேன். ஒற்றைக் கையால் அவன் ஓட்ட, ஆடி அசைந்து பாலத்துக்குப் போனோம். பாலத்தின் நடுவில் நிறுத்தினான். கீழே ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன வச்சுத் திரும்பிப் பாத்தேன். எனக்கு முன்னால ஒருத்தனும் இல்ல. அத்தனை பேரும் அந்தா, அங்கன கிடந்தானுவ" என்று ஊர்ப் பக்கம் கை காட்டினான். "அவ்வளவு தூரம்."

அவன் காட்டிய தூரத்தை நான் பார்த்தேன்.

"அடுத்த வருசமும் போய்ப் பிடி. யாருக்காவது பிடி" என்றான்.

"போ, நான் யாருக்கும் பிடிக்க மாட்டேன்."

"பிடிக்கணும்ட்டி. பம்பாய்ல இருந்து விசாரிப்பேன்."

அவனே பம்பாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கைப்பிடிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவன் வீங்கிய கையை நீட்டி என் தலையில் வைத்தான். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவதுபோலக் கடந்து போயிற்று. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.