மிலூத்தின் சத்தியமும் இரண்டரை மீட்டர் டிஷ்ஷும்

தியாரத் நகரத்துத் தானியக் கூட்டுறவுக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் எடைமேடையைக் காத்தவர் மிலூத். இந்த முப்பத்தாறு வருடத்தில், தான் சொன்ன எடையை அவர் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. டிரைவர் உள்ளேயே தூங்கிப்போன லாரியையும் நிறுத்து எழுதியிருக்கிறார், எழுதியது எழுதியதுதான். அந்த வகையில் அரசாங்கப் பதிவேட்டில் கோதுமையாகச் சேர்ந்துவிட்ட மனிதர்கள் நாலைந்து பேர் இன்றும் தியாரத் கடைத்தெருவில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரின் மகளுக்கு வளைகுடா நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை வாசிக்கும் வேலை கிடைத்தது. மகள் பெயர் ஜாசியா. அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோது, மைத்துனர்கள் இருவர் சாட்சியாக இருக்க, மிலூத் உரத்த குரலில் அறிவித்தார்:

"இவகிட்ட இனி ஒரு வார்த்தை நான் பேசினேன்னா, இவ உம்மா எனக்குத் தலாக்."

ஆட்டின் வயதைப் பற்றிய தகராறில்கூடப் பெண்டாட்டியைப் பணயம் வைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து ஆண்களின் வழக்கம். இதை ஆட்டிடமும் கேட்பதில்லை, பெண்டாட்டியிடமும் கேட்பதில்லை. மிலூத்தின் மனைவி ஜூலிக்கா அப்போது அடுப்படியில் ஷோர்பா சூப்புக்குக் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் தாம்பத்தியம் ஒரு பெட்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருப்பது அவளுக்குக் கொத்தமல்லி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஜாசியா போய்விட்டாள். வீடு ஒரு மாதம் மூச்சுவிடாமல் கிடந்தது. இரண்டாம் மாதம் மிலூத் தனக்குத்தானே மார்க்கத் தீர்ப்பு ஒன்று வழங்கிக்கொண்டார்: சத்தியம் பேசுவதைப் பற்றியது, பார்ப்பதைப் பற்றியது அல்ல. மொட்டைமாடியில் அவருடைய பழைய டிஷ் இருந்தது. ஆறு இதழ்களைத் திருகி இணைத்த, ஒட்டகத்தையே உட்காரவைக்கக்கூடிய டிஷ். தெருவில் மற்றவர்கள் வைத்திருந்த தட்டு போன்ற சின்ன டிஷ்கள் ஐரோப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. ஜாசியாவின் சேனலைப் பிடிக்கும் அளவு பெரிய டிஷ் அந்த வட்டாரத்திலேயே மிலூத் வீட்டில்தான் இருந்தது. தினமும் மாலை ஆறே முக்கால் மணிக்கு, கோதுமை விதைப்புக்கு வானிலை முக்கியம் என்ற காரணத்துடன் அவர் டிவிப் பெட்டிக்கு முன்னால் உட்காருவார். அவருக்கு ஒரு சாண் நிலம்கூட இல்லை.

ஒருநாள் ஜாசியா திரையிலிருந்து, "நாளை சந்திப்போம், இறைவன் காப்பானாக" என்றாள். மிலூத்துக்குப் பதில் சொல்ல வாய் திறந்துவிட்டது. உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஐந்து நிமிடமும் வாயில் பேரீச்சங்கொட்டை ஒன்றை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான்கு வருடம் இப்படியே ஓடியது.

பிப்ரவரி மாதத்தில் திரையின் அடியில் ஓர் அறிவிப்பு ஓடத் தொடங்கியது. இந்தச் சேனல் மாதக் கடைசியோடு சி பேண்டு அலைவரிசையை விட்டுவிட்டு, அதே சாட்டிலைட்டில் கேயூ பேண்டுக்குப் போகிறது, நேயர்கள் தயாராகிக்கொள்ளவும். மிலூத் அதைப் பதினேழு முறை படித்தார். பிறகு கூத்தி என்ற டிஷ் மெக்கானிக்கைக் கூட்டிவர ஓடினார், செருப்பு மாறியிருந்தது.

கூத்திக்கு முப்பது வயது, வாய்க்கு நாற்பது. மாடியேறியதும் டிஷ்ஷின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டினான். நடுவில் நூல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றன.

"சாச்சா, டிஷ் கோணிப்போச்சு. போல்ட்டைத் தளர்த்தி நான் சரி பண்ணிடறேன். ஆனா இது மேல என்ன தடவி வெச்சிருக்கீங்க?"

"சுண்ணாம்பு. நோன்புக்கு முன்னாடி வீட்டுக்கு அடிக்கறப்போ இதுக்கும் அடிப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு நோன்பு."

கூத்தி விரலால் தடவிப் பார்த்தான். "சுவருக்குப் பெருநாள், சரி. டிஷ்ஷுக்கு என்ன பெருநாள்? சி பேண்டு அலை உள்ளங்கை அகலம், சாச்சா. மேடுபள்ளம் இருந்தாலும் பொறுத்துக்கும். கேயூ அலை விரல்கடை அகலம். அரிசி தடிமன் புடைப்பு இருந்தாலே வழி தவறிடும். மொத்தத்தையும் சுரண்டணும். கால்பந்துக்குத்தானே இவ்வளவும்? டீக்கடையிலயே பாத்துட்டுப் போலாமே?"

"கால்பந்து இல்ல. விவசாயம்," என்றார் மிலூத், கண்ணைப் பார்க்காமல்.

சி பேண்டின் எல்.என்.பிக்கு, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு, பக்கத்திலேயே இன்னொரு மூக்கைப் பட்டை வைத்துக் கட்டினான் கூத்தி. மிலூத் சுரண்ட உட்கார்ந்தார். முதல் நாள் தகட்டுக் கரண்டி. இரண்டாம் நாள் கம்பித் தூரிகை. மூன்றாம் நாள் ஜூலிக்கா துணி உலர்த்த மாடிக்கு வந்தபோது, அறுபத்தெட்டு வயது மனிதர் டிஷ்ஷுக்குள் ஏறிக் குத்துக்காலிட்டு, வினிகரும் மணலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மனுஷா, என் தாம்பாளத்தை ஒருநாளாவது இப்படித் தேச்சிருக்கியா?"

"தாம்பாளத்துல என்ன வருது?"

"சோறு வருது," என்றாள் ஜூலிக்கா. "போன்ல பேசினா குரலும் வரும். நான் வாரா வாரம் பேசறேன். கையெல்லாம் ரத்தமா இருக்கு, இறங்கு."

அவர் இறங்கவில்லை. போன் என்ற சொல்லை அவர் காது வாங்குவதே இல்லை.

கூத்தி திரும்பி வந்தபோது டிஷ் புது அலுமினியமாகப் பளபளத்தது. அவன் கண்ணைச் சுருக்கினான். "ரொம்ப மின்னுது. மங்கலா, மெல்லிசா ஸ்பிரே பெயிண்ட் ஒரு கை அடிச்சிடுங்க சாச்சா."

"பெயிண்ட்டை எடுன்னு சொன்னதும் நீ. அடின்னு சொல்றதும் நீ. ஒரு எடையைச் சொல்லு."

கூத்தி காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று ரிசீவரில் சிக்னல் கோடு எழுபதைத் தொட்டுவிட்ட சந்தோஷத்தில் அவனும் விட்டுவிட்டான். ஆறே முக்காலுக்குத் திரையில் முதலில் சதுரங்கள் வந்தன, பிறகு ஒரு கை வந்தது, பிறகு ஜாசியா வந்தாள். முன்பைவிடத் தெளிவு. மகளின் இடது புருவத்தில் சின்ன வயதில் படிக்கட்டில் விழுந்த தழும்பை மிலூத் நான்கு வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார். பேரீச்சங்கொட்டை வாயிலிருந்து மடியில் விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

நாலு நாள். மார்ச் மாதம் பிறந்திருந்தது, காலை பத்தரை மணி. மிலூத் கீழே முகம் மழித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பிளாஸ்டிக் தீயும் நாற்றம் இறங்கியது. அரைத் தாடி நுரையுடன் ஏறினார். டிஷ் நிமிர்ந்து சூரியனை வாங்கிக்கொண்டிருந்தது. அதன் மையத்தில் இரண்டு மூக்குகளும், பழையதும் புதியதும், பேதமில்லாமல் சேர்ந்து உருகி வழிந்துகொண்டிருந்தன. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. வேறு எதுவும் எழவில்லை.

கூத்தி வந்து தலையில் கைவைத்துக்கொண்டான். "வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்கும். அப்போ கண்ணாடி மாதிரி மின்னற டிஷ் இருந்தா, மொத்த வெயிலும் குவிஞ்சு மூக்குல இறங்கும். அதுக்குத்தான் மங்கலா இருக்கணும்னேன்."

"காரணத்தைச் சொன்னியா?"

"நீங்க எந்தக் காரணத்தைக் கேட்டிருக்கீங்க, சாச்சா?"

மிலூத் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். அடிக்கத்தான் பிடித்தார் என்று கூத்தி நினைத்தான். ஆனால் மிலூத் அவனை மாடிப்படிப் பக்கம் தள்ளினார். "ஒரான் பட்டணத்துக்குப் போ. இன்னிக்கே போ. புது மூக்கு வாங்கிட்டு வா. என் காரை எடுத்துட்டுப் போ."

"அங்கயும் இருக்காது. சொல்லி வரவழைக்கணும். பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும்."

"பதினைஞ்சு நாள் ஆனா என்ன, பதினைஞ்சு வருஷம் ஆனா என்ன," என்றாள் ஜூலிக்கா. துணிக்கூடையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். "அவளுக்குப் பதவி உயர்வு. இந்த வியாழக்கிழமையோட திரையில வரமாட்டா. இனி உள்ள உட்கார்ந்து செய்தி எழுதற வேலை."

கூத்திக்கு அப்போதுதான் எந்த விவசாயம் என்று விளங்கியது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப்போனான்.

மிலூத் டிஷ்ஷின் காலடியில் உட்கார்ந்தார். முகத்தின் ஒரு பக்கம் நுரை காய்ந்திருந்தது. "அப்ப நான் அவளை எப்படித்தான் பாக்கறது?"

"அந்தச் சத்தியத்துல தலாக் ஆகறது நான். நாலு வருஷமா என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இமாமையாவது கேட்டியா?"

மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகு மிலூத் இமாமை ஓரமாக அழைத்தார். ஒரு நண்பருடைய பிரச்சினை என்று தொடங்கினார். இமாம் வயதில் இளையவர், ஆனாலும் இந்த ஊர்க்காரர். எந்த நண்பர் என்று கேட்கவில்லை.

"மனைவியை விடற எண்ணம் அவருக்கு இருந்துச்சா?"

"சேச்சே. அவ இல்லாம அவனுக்குக் காபி போடக்கூடத் தெரியாது."

"அப்ப நான் சொல்றது, பத்து ஏழைகளுக்கு வயிறார சோறு போடச் சொல்லுங்க. சத்தியம் தீர்ந்துச்சு. மகளோட பேசட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மிலூத் தூணைப் பிடித்துக்கொண்டார். "இதை நாலு வருஷம் கழிச்சுச் சொல்றீங்களே."

"உங்க நண்பர் இன்னிக்குத்தானே கேக்கறார்."

வியாழக்கிழமை ஜூலிக்கா கொண்டைக்கடலையும் ஆட்டிறைச்சியும் போட்டுக் குஸ்குஸ் என்னும் கோதுமை ரவைச் சோறு ஆக்கினாள். மிலூத் ஆள் சேர்க்கப் போனார். ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாமவருக்காக டாக்ஸி டிரைவர் ஒருவரை நிறுத்தினார், "யாரைப் பார்த்து ஏழைங்கறே?" என்று அவர் சண்டைக்கு வந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் கூத்தியே வந்து பந்தியில் உட்கார்ந்தான். "முப்பது வயசாச்சு, ஒருத்தரும் பெண் தர்றதில்ல. இதைவிட ஏழ்மை தியாரத்துல வேற யாருக்கு இருக்கு, சாச்சா?" மிலூத் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிறுத்துப் பார்த்தார். ஒப்புக்கொண்டார்.

பந்தியில் மூத்த கிழவர் ஒருவர் கரண்டியை எடுக்காமல் கேட்டார். "என்ன விசேஷம்? யார் மௌத்து? செத்தது யாரு?"

பத்துத் தலைகள் நிமிர்ந்தன. மிலூத் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "யாரும் மௌத்தாகல. என் மகளைப் பத்தி ஒண்ணு சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. சாப்பிடுங்க."

அவர்கள் சாப்பிட்டார்கள். கிழவர் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஜூலிக்கா எண்ணைச் சுழற்றி, போன் ரிசீவரை அவர் கையில் திணித்துவிட்டு, தட்டுகளைப் பொறுக்கப் போய்விட்டாள். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"உம்மா, சொல்லுங்க."

மிலூத் ரிசீவரைக் காதில் அழுத்தினார். அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். யாரோ பின்னால் வளைகுடா அரபியில் கத்தினார்கள், ஒரு கதவு சாத்தப்பட்டது.

"உம்மா? கேக்குதா? கிளம்பற நேரம், இன்னிக்குக் கடைசி வானிலை."

"உம்மா இல்ல," என்றார் மிலூத்.

நான்கு வருடம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். பெருமைப்படத்தக்கதல்ல, ஆனால் பேச்சு பேச்சுதான், சத்தியம் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. அவள் போனை வைத்துவிடுவாளோ என்று பயந்து, அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடுப்படியில் தட்டுச் சத்தம் நின்றது. "எதையாவது பேசேன், மனுஷா," என்றாள் ஜூலிக்கா. "அவ வைக்கமாட்டா."