ஏரிக்கரையில் கூவிய ஓடிபி

இணையத்தை யார் ஆள்வது, அதில் பழங்குடி மக்களுக்கு என்ன இடம் என்று விவாதிக்கும் காணொளிக் கூட்டம் ஒன்றில் என்னை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். உத்திரமேரூரில் குடியிருப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சோழர் காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த ஊர் என்பதால், நிர்வாகம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

மாலைக் கூட்டத்தில் பேச நாலு விஷயம் வேண்டுமே என்று, காவாந்தண்டலம் பக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் இருளர் குடியிருப்புக்குக் காலையில் போனேன்.

அங்கே பஞ்சாயத்துக் கட்டடத்துக்குக் கேபிள் வழியாக இணையம் வந்துவிட்டது. செல்போன் டவர்தான் எட்டவில்லை. கரை மேல், மதகுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மட்டும் கொஞ்சம் சிக்னல். மணி அடிக்கும், குறுஞ்செய்தி வரும், அவ்வளவே. ஆகவே குடியிருப்பு முழுவதற்கும் ஒரே போன், ஒரே நம்பர். மஞ்சள் பையில் வேப்பங்கிளையில் தொங்கும். கரையில் போகிறவர் யாராயிருந்தாலும் எடுத்துப் பார்த்து, வந்த சேதியைக் கீழே கூவ வேண்டும். அது அங்கே சட்டம். கேஸ், ரேஷன், வங்கி என்று சகல ஓடிபியும் அப்படித்தான் ஊருக்குள் இறங்கும்.

நான் ஆடிப்போனேன். "ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. போனோட வந்து நேர்ல காட்டணும்" என்று அங்கிருந்த பெண்களிடம் ஆரம்பித்து, தனியுரிமை பற்றிப் படித்ததையெல்லாம் இறக்கிவைத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வினையே அதுதான்.

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் பஞ்சாயத்துக் கட்டடத்தில் என் மடிக்கணினி முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். ஓடிபி மட்டும் பாக்கி. மரத்தடியில் நின்ற அவள் அம்மா, எண் வந்ததும் நான் சொன்னபடியே வாயைத் திறக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வருவதற்குள் எண் காலாவதி. மறுபடியும் அதே ஓட்டம், அதே கதி. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்றது திரை. பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? எப்பவும் போலக் கூவியிருந்தா இந்நேரம் எம்பொண்ணு ஊசியே போட்டுக்கினு இருப்பா" என்றார் அம்மா, மூச்சு வாங்க. "என்னால இனிமே ஏற முடியாது. நீ மேல போ சார். நான் நடுவுல நிக்கறேன்."

போனை வாங்கிக்கொண்டு ஏறினேன். என் தொப்பை எனக்கு முன்னால் ஏறியது.

"பட்டனை அமுக்கிட்டா சார்!" என்று கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் போன் அதிர்ந்தது. யாரிடமும் பகிராதீர்கள் என்று முதல் வரி. அடுத்த வரியில் எண். முதல் வரியைத் தாண்டிக் குதித்து, ஏரிக்கரை அதிரக் கூவினேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, எண்ணை வாங்கி அம்மாவிடம் கூவ, அம்மா கட்டடத்து வாசலைப் பார்த்துக் கூவினார்.

"இன்னா சார், ரகசியம்னியே?" என்றாள் நடவுக்காரி ஒருத்தி.

"ரகசியம்தாம்மா!"

"மாகறல் வரிக்கும் கேட்டிருக்கும் சார் உன் ரகசியம்!"

வயல் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வெளியே வந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"அப்ளிகேஷன் போயிட்ச்சும்மா!"

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்காற்று அவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"குந்திக்கினு இருக்காத சார்" என்றார் அம்மா கீழிருந்து. "போனைப் பையில போட்டு மாட்டு. அடுத்தவங்களுக்கு வரும்."

மாலைக் கூட்டத்தில் என் முறை வந்தபோது தொண்டையில் காற்றுதான் வந்தது. மைக்கைப் போடுங்கள், மைக்கைப் போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போட்டுத்தான் இருந்தது. ஏரிக்கரைக் குடியிருப்புக்கு ஒரு டவர் வேண்டும், அதுவரை கூவ அனுமதிக்க வேண்டும் என்று தட்டெழுதி அனுப்பிவிட்டு, சுக்குக் காப்பியைக் குடித்தேன்.