மாஸ்டரின் மெட்டு

ஒலிநாடா ஓடத் தொடங்கியதும் என் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை நழுவித் தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த ஜப்பானியப் பெண், தன் நாட்டுப் பாட்டொன்றையும், அதையே சீனத்திலும் பிரெஞ்சிலும் பாடியவர்களையும் ஒரே நாடாவில் பதிந்து வைத்திருந்தாள். பிரிந்து போனவனை நினைத்துப் பாடுவது என்றாள். எனக்கு அது தமிழிலும் தெரியும். எங்கள் கத்தோலிக்கப் பாடகர் குழுவின் மாஸ்டர், ஊரில் போரில் இறந்தவர்களுக்காகத் தானே மெட்டமைத்ததாகச் சொன்ன பாட்டு அது. அதைக் கேட்டு அழாதவர்கள் எங்களுக்குள் இல்லை.

மாஸ்டர் மன்னார்க்காரர். அகதியாக வருவதற்கு முன் கப்பலில் வேலை செய்தவர். மூன்று வருடங்கள் அந்தப் பாட்டை முன்னால் நின்று தனியாகப் பாடியது நான்தான். அந்த ஆண்டு, "உன்ரை குரல் களைச்சுப் போச்சு, தங்கச்சி" என்று எல்லோர் முன்னிலும் சொல்லி, அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். நவம்பரில் இறந்தோருக்கான திருப்பலிக்கு அந்த ஜப்பானியப் பெண்ணை அழைத்தேன். தமிழ்ப் பாட்டுக் கேட்க வா என்று மட்டும் சொன்னேன். ஏன் அழைக்கிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

திருப்பலி முடியும் நேரத்தில் பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே, பக்கத்திலிருந்த ஜப்பானியப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது அடியில் அவள் தன்னை மறந்து தன் மொழியில் மெல்லச் சேர்ந்து பாடினாள். முன்வரிசைகள் திரும்பின. மாஸ்டரின் ஆர்மோனியம் நின்றது. பாடிக்கொண்டிருந்தவள் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டாள். யாரோ ஒரு குழந்தை இருமியது.

"இந்த மெட்டு என்ரையில்லை," என்றார் மாஸ்டர். "கப்பலிலை ஒரு ஜப்பான்காரன் பாடினது. சொல்லு மட்டுந்தான் நான் எழுதினது. மிச்சம் பொய்."

பிறகு ஜப்பானியப் பெண்ணைப் பார்த்து, தெரிந்த அரைகுறை ஜெர்மனில், நீங்கள் பாடுங்கள் என்றார். அவள் எழுந்து நின்று பாடினாள். அவர் தலை நிமிராமல் வாசித்தார்.

"செத்த சனத்தின்ரை பேரிலையோ களவு?" என்று தேவாலய வாசலில் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கேட்டார். அடுத்த மாதம் ஆர்மோனியத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஆனால் அன்று, எல்லோரும் விலகி நின்றபோது, மாஸ்டர் நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பெரிய உதவி செய்துபோட்டாய், தங்கச்சி. எத்தினை வருசமாய் இதைச் சொல்ல ஏலாமல் கிடந்தனான். உனக்கு இதெல்லாம் எங்கை தெரியும், பாவம்."

"ஓம் மாஸ்டர்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, அந்தப் பிள்ளை சுகமாய் இருக்கிறாளோ என்று முதலில் கேட்பார். போன வருடம் இறந்துபோனார். அவளை நான் எதற்காகக் கூட்டி வந்தேன் என்று அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை.