என் மைக்கைக் கழற்றியவர்

“கடற்கரையில கூப்பிட்டுப் பழகின குரல் உனக்கு. மற்ற ஆக்களோடை சேர்ந்து பாட ஏலுமோ?” என்று எங்கள் குழுத் தலைவி முதல் நாளே கேட்டாள். வாத்தியமே இல்லாமல், ஆறு பேர் வாயால் மட்டும் பாடும் பல்கலைக்கழகக் குழு அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஏலும் என்றேன்.

கலைவிழாவுக்கு ஒலிபெருக்கி பூட்ட வந்தவர் ஒல்லியான மனிதர்; சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். எங்கள் ஒத்திகையையும் அப்படியே கேட்டார். பிறகு நேரே வந்து என் மைக்கைக் கழற்றினார்.

“அண்ணை, அது என்ரை மைக்!”

“ஓம் பிள்ளை. உது இருந்தால், மற்ற அஞ்சு பேரும் சும்மா வாயசைக்கினம் எண்டு சனம் நினைக்கும்.”

“என்ரை பாட்டைக் கேக்கவெண்டே அம்மா வாறா, அண்ணை.”

“எங்கையிருந்து?”

“மயிலிட்டிக் கடற்கரையிலயிருந்து.”

“அப்ப அவ வீட்டிலயே இருக்கலாம். கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். விழாவன்று மைக் இல்லாமலே ஏறினேன். மேடையில், பக்கத்தில் நின்றவளின் குரல் என் காதில் விழும் அளவுக்கு அடக்கிப் பாடினேன்.

“உன்ரை குரல் எதெண்டு பிடிபடேல்லை. ஆனா பாட்டு நல்ல வடிவு,” என்றார் அம்மா, நிகழ்ச்சி முடிந்ததும்.

மைக்கைக் கழற்றிய அண்ணை என்னைப் பகிடி பண்ணினாரா, பாராட்டினாரா என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு ஐந்து மைக் போதும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.